அச்சம் × ? : ஒரு விடைத்தாளில் தொடங்கிய ஐயம்

கோபி_ஆசிரியன்:

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு வைத்த சிறு தேர்வில், எதிர்ச்சொல் எழுதும் பகுதியில் 'அச்சம்' என்ற சொல்லையும் சேர்த்திருந்தேன். மற்ற நான்கும் இரவு, இனிமை போன்ற எளிய சொற்கள் என்பதால் இதுவும் அப்படியே என்று எண்ணிவிட்டேன். தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

தைரியம் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். வீரம், துணிவு, அச்சமின்மை, அஞ்சாமை என்று மீதிப் பேர். ஒரு பையன் 'கெத்து' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தான். அதைத் தயங்காமல் அடித்துவிட்டேன். ஆனால் ஒரு மாணவி 'பழக்கம்' என்று எழுதியிருந்தாள். அந்த இடத்தில் சிவப்பு மை பேனா நின்றுவிட்டது. தவறு என்று போட மனம் வரவில்லை. சரி என்று போடக் காரணமும் தெரியவில்லை.

இரவு போனால் பகல் வந்தே ஆகவேண்டும், இடையில் வேறொன்றும் இல்லை. அச்சம் போனால் வருவது எது? கட்டுத்தரையில் கிடக்கும் கல்லுக்கும்தான் அச்சமில்லை, அதை வீரன் என்று யாரும் சொல்வதில்லை. அஞ்சிக்கொண்டே முன்னே போகிறவனை வீரன் என்கிறோம். அப்படியானால் வீரமும் அச்சமும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது, எதிர்ச்சொற்கள் அப்படிச் சேர்ந்து இருக்கலாமா? தாள்களை வரும் திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும். அறிந்தவர்கள் உதவுங்கள்.

சென்னிமலையான்:

ஐயா, இதில் குழப்பத்துக்கு இடமில்லை. அச்சம் × அஞ்சாமை. வள்ளுவர் அரசனுக்குரிய பண்புகளைச் சொல்லும்போது 'அஞ்சாமை ஈகை அறிவூக்கம்' என்று அதைத்தானே முதலில் வைக்கிறார்? தைரியம் வடசொல், வீரமும் வடசொல். நம்மிடம் அஞ்சாமை, துணிவு, மறம், தறுகண் என்று நான்கு சொற்கள் கைவசம் இருக்கும்போது மாணவர்கள் பாதிப் பேர் தைரியம் என்று எழுதியிருப்பது அவர்கள் பிழையன்று, கற்பித்த நம் பிழை. 'பழக்கம்' என்று எழுதிய பெண்ணுக்கு மதிப்பெண் தரவேண்டியதில்லை; அன்பாகச் சொல்லித் திருத்துங்கள்.

பழைய_ஏடு:

நான் கரூரில் ஒரு கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியை எளிதாக முடித்துவிடலாகாது என்று தோன்றுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இலக்கணம். 'அச்சமின்மை' என்பது ஒரு பொருள் இல்லாத நிலையைச் சொல்கிறது. வீட்டில் உப்பில்லை என்பது போல. 'அஞ்சாமை' வினையிலிருந்து பிறந்தது; அஞ்சத்தக்க சூழல் எதிரே இருந்தும் அஞ்சுதல் என்னும் செயலைச் செய்யாதிருத்தல் அது. முன்னது கல்லுக்கும் பொருந்தும், பின்னது மனிதருக்கே பொருந்தும். ஆயினும் இரண்டும் எதிர்மறைச் சொற்களே. எதிர்மறை வேறு, எதிர்ச்சொல் வேறு. 'இனியதன்று' என்று எழுதிவிட்டு அதை 'இனிமை'க்கு எதிர்ச்சொல் என்று ஒரு மாணவன் கொண்டுவந்தால் நாம் ஏற்போமா? ஆசிரியர் தேடுவது தன்காலில் நிற்கும் ஒரு சொல்லை என்று நினைக்கிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் புலப்படும் வகைகள், எட்டு என்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அந்த அடுக்கில் அச்சத்தை அடுத்து வந்து நிற்பது பெருமிதம். அதை அவர் அச்சத்துக்கு மாற்று என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் அவர் காட்டும் காரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சம் நான்கிலிருந்து பிறக்கும்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை, அதாவது தெய்வம் அல்லது பேய், காட்டுமிருகம், திருடர், அரசன். நான்கும் வெளியிலிருந்து வருபவை. பெருமிதமும் நான்கிலிருந்து பிறக்கும்: கல்வி, தறுகண், புகழ், கொடை. நான்கும் ஒருவனிடமே உள்ளவை. தறுகண் எனும் வீரம் அந்த நான்கில் ஒன்றுதான். அதற்கு முன்னால் கல்வி நிற்கிறது. படித்தவன் நிமிர்ந்து நிற்பதும், கொடுப்பவன் நிமிர்ந்து நிற்பதும், களத்தில் நிற்பவன் நிமிர்ந்து நிற்பதும் ஒரே மெய்ப்பாடு என்று கருதியவர் அவர். இன்று பெருமிதம் என்ற சொல்லை மேடைகளில் 'பெருமிதம் கொள்கிறேன்' என்று தேய்த்துவிட்டோம்.

என் விடை இப்போதைக்குப் பெருமிதம். மாணவி எழுதிய 'பழக்கம்' பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திம்பம்27:

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். இருபது ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். பிழையிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு போகும் சாலையில் திம்பம் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபத்தேழு. அதைத்தான் என் பெயரில் வைத்திருக்கிறேன்.

பண்ணாரியில் வண்டியை நிறுத்தி, தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுத்தான் மலை ஏறுவோம். எங்கள் வண்டிகளின் பின்புறம் 'வேலுண்டு வினையில்லை, மயிலுண்டு பயமில்லை' என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கின்படி பயத்துக்கு எதிர்ச்சொல் மயில். இது விளையாட்டுக்குச் சொல்வது.

விளையாட்டல்லாமல் சொல்கிறேன். ஏறுவதில் பயமில்லை, இறங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம். பளு ஏற்றிய வண்டியை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் டிரம் சூடேறி, கருகிய வாடை கேபினுக்குள் வரும். அந்த வாடை வந்தபின் காலுக்கடியில் பிரேக் இருப்பதாகவே தெரியாது. நான் கிளீனராக இருந்த காலத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரல் போடும் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் எல்லோரும் தில்லான ஆள் என்பார்கள். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். 'அவனுக்குத் தெகிரியம் இல்லடா, தெரியல' என்பார். சாவியைக் கையில் கொடுக்கும்போது 'தெகிரியமாப் போ' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'பதனமாப் போ' என்றுதான் சொல்லி அனுப்புவார்.

எனவே எங்கள் தொழிலில் பயத்துக்கு எதிர்ச்சொல் பதனம். வெளியூர்க்காரர்களுக்கு: பதனம் என்றால் கவனம், பக்குவம், பொறுப்பு மூன்றும் சேர்ந்தது.

பழைய_ஏடு:

'தெகிரியம் இல்லடா, தெரியல' என்று உங்கள் ஆசான் சொன்னதைத்தான் வள்ளுவர் 'அஞ்சுவது அஞ்சாமை பேதைமை' என்றார். அந்தக் குறள் படை பற்றிய பகுதியில் இல்லை, 'அறிவுடைமை' அதிகாரத்தில் இருக்கிறது என்பதைச் சென்னிமலை நண்பர் கவனிக்க வேண்டும். அதாவது, அஞ்சாமை என்ற சொல்லையே அவர் 382ஆம் குறளில் அரசனின் இயல்பாகவும், 428இல் மூடனின் இயல்பாகவும் வைக்கிறார்.

நொய்யல்_மகள்:

இதுவரை எழுதிய அனைவரும் ஆண்கள் என்று நினைக்கிறேன்; ஏனென்றால் அச்சம் என்பது போகவேண்டிய ஒன்று என்பதில் யாருக்கும் ஐயமே வரவில்லை. நான் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். 'அச்சமும் நாணும் மடனும்' பெண்ணுக்கு என்றும் உரியவை என்று சொன்னவரும் பேராசிரியர் ஐயா எடுத்துக்காட்டிய அதே தொல்காப்பியர்தான். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்காக்கி எங்கள் பாட்டிமார் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஒருவருக்குக் குறையாக இருப்பது இன்னொருவருக்கு அணிகலன் என்றால், அதன் எதிர்ச்சொல்லும் ஆளுக்கொன்றாகத்தானே இருக்க முடியும்?

இருக்கவும் செய்கிறது. என் தம்பி பதினாறு வயதில் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியபோது, வீட்டுக்கு வந்த ஒறம்பரையெல்லாம் 'பையன் துணிச்சக்காரன்' என்று சிரித்தார்கள். இரவுப் பணி முடிந்து நான் ஸ்கூட்டியில் தனியாக வீடு திரும்பத் தொடங்கியபோது அதே திண்ணையில் அதே சொல் வந்தது: 'என்ன துணிச்சல் பாருங்க அவளுக்கு!' சொல் ஒன்றுதான், குரல்தான் வேறு. சில நாள்களில் அது 'ஏத்தம்', அதாவது திமிர், ஆயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் என் அத்தையே என்னைத் 'துணிஞ்ச கட்டை' என்றார். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்களை அப்படிச் சொல்வார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நான் இழந்தது ஒன்றுமில்லை, வாங்கியது ஒரு வண்டிதான்.

என்னைப் பாராட்ட நினைத்தவர்களும் 'ஆம்பளையாட்டம் தெகிரியம்' என்றார்கள். பேராண்மை என்ற சொல்லுக்குள்ளேயே ஆண் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் அந்த எதிர்ச்சொல்லைத் தேர்வில் கேட்டபோது, வகுப்பிலுள்ள பெண்பிள்ளைகளுக்கும் பையன்களுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாரா என்பது எனக்கு ஐயம். 'பழக்கம்' என்று எழுதியவள் பெண் என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

பழைய_ஏடு:

அம்மா, உங்கள் பதிவின் பெரும்பகுதிக்கு என்னிடம் மறுமொழி இல்லை, தலை வணங்குகிறேன். ஒன்றே ஒன்று: பேராண்மை, ஊராண்மை ஆகியவற்றிலுள்ள 'ஆண்மை' ஆளும் தன்மை என்ற பொருளிலும் கொள்ளத்தக்கது. நம் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத 'வேளாண்மை'யிலும் அந்த ஆண்மைதான் இருக்கிறது.

நொய்யல்_மகள்:

அந்த வேளாண்மையில் களை எடுப்பது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், ஐயா.

சென்னிமலையான்:

இழை எங்கோ போகிறது. நான் கேட்டது எளிய கேள்வி: தமிழ்ச்சொல் இருக்கத் தைரியம் எதற்கு? எங்கள் ஊரில் பிறந்தவர்தான் கொடி காத்த குமரன். 1932ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூர் ஊர்வலத்தில் தடியடிபட்டு, மறுநாள் உயிர் நீத்தார். கொடியை விடவில்லை என்பதே ஊர் நினைவு. அதற்குப் பெயர் அஞ்சாமை. 'தைரியம்' என்று சொன்னால் அது சிறுத்துப்போகிறது.

திம்பம்27:

அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம். வடசொல்லை எடுத்துவிட்டால் தீரன் சின்னமலையை நாம் எப்படிக் கூப்பிடுவது?

பழைய_ஏடு:

நல்ல கேள்வி, இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தீர்த்தகிரி என்ற இயற்பெயருடையவரை மக்கள் தீரன் என்றார்கள். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட பின்னும் அந்தப் பெயரே நிலைத்தது. வடமொழியில் 'தீர' என்ற சொல்லுக்கு அசையாதவன் என்று ஒரு பொருள், அறிவுடையவன் என்று இன்னொரு பொருள். அந்தச் சொல்லின் பண்புப்பெயர்தான் தைரியம். ஆக, தைரியம் என்பதன் உள்ளே பாய்ச்சல் இல்லை, நிலைகுலையாமை இருக்கிறது. நம் பக்கத்து அண்ணமார் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்டவர்களுக்கு வேறுபாடு உடனே விளங்கும்: சங்கர் வீரம், பொன்னர் தீரம். தம்பி வாளை எடுப்பார், அண்ணன் ஆத்திரத்தை அடக்குவார்.

தனித்தமிழ்ச் சொற்கள் என்பதாலேயே அவை மாசற்றவை என்றும் எண்ண வேண்டாம். தறுகண், வன்கண் இரண்டும் கண்ணை வைத்துப் பிறந்த சொற்கள். அச்சம் முதலில் தெரிவது கண்ணில்தான் என்பதை அறிந்தவர்கள் ஆக்கியவை. எதிரி எறியும் வேலைக் கண்டு கண்ணிமைப்பதே வன்கணவர்க்குத் தோல்வி என்கிறது 775ஆம் குறள். அமைச்சனுக்கு வேண்டியவற்றுள்ளும் வன்கண் உண்டு. ஆனால் கொடுத்து மகிழும் இன்பத்தை அறியாமல் சேர்த்துவைத்து இழக்கும் கருமியையும் அதே நூல் 'வன்கணவர்' என்றே சொல்கிறது. அச்சமில்லாத கண்ணும் இரக்கமில்லாத கண்ணும் ஒன்றுபோலவே இமைக்காமல் இருக்கும் போலும். சொல் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்ப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பவானி_ஓய்வாளர்:

அஞ்சல் துறையில் கிளை அஞ்சலகங்களில் காலம் கழித்தவன் நான். இந்த இழையைப் படித்தவுடன் ஒன்று நினைவுக்கு வந்தது. 'அஞ்சல்' என்றால் பழந்தமிழில் 'அஞ்சாதே' என்று பொருள் என்று ஒரு தலைமையாசிரியர் எனக்குச் சொன்னார். நான் உரக்கச் சிரித்துவிட்டேன். ஏனென்றால், அந்தக் காலத்தில் ஊருக்குள் நான் தந்தியோடு சைக்கிளில் நுழைந்தால் போதும், என்னவென்று பிரித்துப் படிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். பேரன் பிறந்த செய்தியோடு போன வீட்டிலும் அழுதார்கள். வாசலில் நின்று, ஓசை கேட்கும்படி, 'நல்ல சேதிதானுங்க' என்று சொல்லிக்கொண்டே உள்ளே போகும் வழக்கத்தை நானாகவே ஏற்படுத்திக்கொண்டேன். தந்தியை 2013 ஜூலையில் நிறுத்தினார்கள். அந்த வாசகம் இப்போதும் வாயில் வருகிறது.

பழைய_ஏடு:

தலைமையாசிரியர் சொன்னது சரியே. கடிதத்தைக் குறிக்கும் அஞ்சல் வேறு சொல், அது கிடக்கட்டும். முன்பு சொன்ன 428ஆம் குறளின் முடிவில் 'அஞ்சல் அறிவார் தொழில்' என்னும்போது அஞ்சல் என்பது அஞ்சுதல். ஒரு தெய்வமோ அரசனோ அடைக்கலம் வந்தவனைப் பார்த்து 'அஞ்சல்' என்றால் அது அஞ்சாதே. 'மகன் எனல், மக்கட் பதடி எனல்' என்ற குறளில் முதல் 'எனல்' சொல்லாதே என்றும், அடுத்த 'எனல்' சொல் என்றும் பொருள்படுவது போலத்தான் இதுவும். அச்சத்தையும் அதன் மாற்றையும் ஒரே ஒலியில் வைத்திருந்த மொழி இது. இதற்கு அருகில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: வடமொழி வழியாக வந்த 'அபயம்' என்றால் நேர்ப்பொருள் அச்சமின்மை, நம் வழக்கில் அடைக்கலம். ஒரு கால் சேர்த்து 'அபாயம்' என்று எழுதினால் மின்மாற்றியில் மண்டையோட்டுப் படத்தோடு தொங்கும்.

ஊசி_போடும்_கை:

செவிலியராக இருக்கிறேன். பயத்தில் இருக்கும் குழந்தையிடம் 'தைரியமாக இரு' என்று சொல்லி எனக்கு ஒருமுறையும் பயன் கிடைத்ததில்லை. 'மூச்சை விடு கண்ணு' என்றால் கை தளர்கிறது, நரம்பும் கிடைக்கிறது. உடம்பைக் கேட்டால் எதிர்ச்சொல் ஆசுவாசம் என்றுதான் சொல்லும்.

சாளைக்காரன்:

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டம். மாடு, ஆடு, கொஞ்சம் தென்னை. நான் எழுதுவது இலக்கணம் அல்ல, நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயதில் எங்கள் அப்பாரு என்னைக் கிணற்றில் நீச்சல் பழக்கினார். கல்லை நீட்டிவைத்த படிகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் வெறும் காற்று. முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை அவர் கையில். சித்திரை வெயில் மேலே காய்ந்தாலும் கிணற்றுத் தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிரும். முதல் நாள் எனக்குப் பல் கிட்டியது. அது குளிராலா பயத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. அவர் மேலிருந்து 'தெகிரியமா இரு' என்றெல்லாம் சொல்லவில்லை. தொட்டித் திட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சிறிது நேரத்துக்கு ஒருமுறை கேட்டது ஒன்றுதான்: 'குளுரு உட்டுப்போச்சாடா?' இல்லை என்றால் பேசாமல் இருப்பார். ஐந்தாறு நாள் கழித்து ஒருநாள் ஆமாம் என்றேன். கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

'அவனுக்குக் குளிர் விட்டுப்போச்சு' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பெரும்பாலும் வசையாகத்தான்: அடங்கி இருந்தவன் எதிர்த்துப் பேசத் தொடங்கினால் அப்படிச் சொல்வோம். நொய்யல் மகள் சொன்ன 'ஏத்தம்' போல. ஆனால் அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது வசையாக அல்ல, தண்ணீருக்குள் இருந்தபோது. தண்ணீர் மாறவில்லை, அதன் குளிர் குறையவில்லை, உடம்புதான் அதை ஏற்றுக்கொண்டது.

மாட்டுக்கும் அதுவே. மனிதன் பயப்படுவான், மாடு மிரளும். இரண்டுக்கும் ஒரு சொல்லை நாங்கள் போடுவதில்லை. கண்ணபுரம் சந்தையில் காளை வாங்கினால் எங்கள் அப்பாரு பல்லைப் பார்த்து முடித்தவுடன் தோள் துண்டை எடுத்து அதன் கண்முன் ஓர் உதறு உதறுவார். காது விடைத்து, வெண்விழி தெரிந்து, கயிற்றை இழுத்தால் 'மெரட்சி இருக்குது' என்று அடுத்த மாட்டுக்குப் போவார். சும்மா நின்ற மாட்டை 'தைரியமான மாடு' என்று சொல்ல மாட்டார். 'பழகுன மாடு' என்பார். அந்தப் பிள்ளை எழுதிய 'பழக்கம்' எனக்குச் சரியாகத்தான் படுகிறது, வாத்தியாரே.

பழைய_ஏடு:

சாளைக்காரர் பதிவைப் படித்தபின் நேற்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அவர் கிணற்றை வைத்துச் சொன்னதும் நான் ஏட்டில் பார்த்து மறந்ததும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

'துணிவு' என்பதை நாம் தைரியம் என்று மட்டும் படிக்கிறோம். துணிதல் என்றால் அறுபடுதல். அறுத்தெடுத்த துண்டு என்பதால் உடுப்பது துணி. இரண்டு எண்ணங்களுள் ஒன்றை அறுத்து எறிந்து மற்றொன்றில் நிற்பதும் துணிவு, 'எண்ணித் துணிக' என்பது அந்தப் பொருளில்தான். அப்படிப் பார்த்தால் துணிவு ஐயத்துக்கு எதிர்ச்சொல், அச்சத்துக்கு அன்று என்று எழுத இருந்தேன். ஆனால் சங்க இலக்கியத்தில் 'துணிநீர்' என்று ஒரு தொடர் உண்டு. அதன் பொருள் தைரியமான நீர் அன்று, தெளிந்த நீர். கலங்கியது அடங்கி, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் நீர் துணிந்த நீர். ஆக, பழைய தமிழனுக்குத் துணிதலும் தெளிதலும் ஒரே நிகழ்ச்சி.

இதற்கு மறுபுறம் 'மருள்'. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். அங்கே மருண்டவன் என்றால் அஞ்சியவன். ஆனால் மருள் என்பதன் வேர்ப்பொருள் மயக்கம், தெளிவின்மை. அதன் எதிர்ச்சொல் தெருள். 'நமனை அஞ்சோம்' என்று பாடிய அப்பருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார் என்பதை நாற்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை. குழந்தை எதையோ கண்டு பயந்துவிட்டால் நம் வீடுகளில் மந்திரித்துத் திருநீறு இடுவார்கள். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா விசாரிக்கும்போது 'புள்ளைக்குத் தைரியம் வந்துச்சா?' என்று கேட்பதில்லை. 'புள்ள தெளிஞ்சுதா?' என்றுதான் கேட்பார்.

பெருமிதம் என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. அது அச்சத்துக்கு எட்டாத உயரம். ஆனால் எதிர்ச்சொல் என்று கேட்டால் இன்று என் விடை தெளிவு. பழக்கம் என்பது அந்தத் தெளிவுக்குப் போகும் வழி. பொருளைக் கேட்டால் வழியை எழுதியிருக்கிறாள் அந்தப் பெண். அரை மதிப்பெண் தரலாம்.

சென்னிமலையான்:

துணிவும் தெளிவும் இரண்டும் தமிழ் என்பதால் நான் மனநிறைவோடு விலகிக்கொள்கிறேன். எனினும் குமரன் கையிலிருந்த கொடிக்கு அஞ்சாமை என்ற பெயரை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நொய்யல்_மகள்:

விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் ஆசிரியர் இன்னும் அந்தப் பெண்ணிடமே கேட்கவில்லையே?

கோபி_ஆசிரியன்:

கேட்டேன். இன்று காலை வழிபாடு முடிந்ததும் அழைத்து, 'ஏன் அம்மிணி அப்படி எழுதினாய்?' என்றேன். திட்டுவதற்குத்தான் அழைக்கிறேன் என்று எண்ணி முதலில் பேசவே இல்லை. விடை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னபிறகு வாய் திறந்தாள்.

அவள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். விடியுமுன் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது அவள் வேலை. வழியில் ஒரு சுடுகாடும், அதை ஒட்டி ஒரு பெரிய புளியமரமும் இருக்கின்றன. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: 'மொதல்ல அப்புச்சி கூட வந்தாருங்கய்யா. அப்பறம் அவுருக்கு முட்டி வலி, டார்ச் மட்டும் குடுத்து உட்டாரு. டார்ச் அடிச்சா நெழலு ஆடுதுங்க, அது இன்னும் பயமா இருக்கும். அதனால டார்ச்சையும் எடுக்கறது இல்லீங்க. இப்ப இருட்டே பழகிருச்சு.'

அப்படியானால் இப்போது பயமே இல்லையா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, 'நாய் கொலைச்சா நிப்பனுங்க' என்றாள்.

டார்ச்சை அணைத்த பிறகுதான் பாதை தெரிந்தது என்று சொல்லும் பிள்ளைக்கு அரை மதிப்பெண் போட எனக்குக் கை வரவில்லை. பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். முழுதாக ஒன்று போட்டுவிட்டேன். துணிவு, தைரியம், அஞ்சாமை, வீரம், அச்சமின்மை எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே போட்டாயிற்று. நொய்யல் மகள் கேட்டது நெஞ்சில் தைத்துவிட்டது. அதனால் அடுத்த தேர்வில் அச்சம் என்ற சொல்லைக் கேட்பதாக இல்லை. அதைக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

திம்பம்27:

வாத்தியாரே, 'கெத்து' என்று எழுதிய பையனுக்கு?

கோபி_ஆசிரியன்:

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, மதிப்பெண்ணில் மாறுபாடு உள்ளவர்கள் மேசைக்கு வந்து கேட்கலாம் என்று வகுப்பில் அறிவித்தேன். மூன்று பேர் வந்தார்கள். அவன் கடைசி வரிசையில் அடிக்கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்; இன்னும் வரவில்லை.